அமிலம் விட்டதும் பச்சை எங்கே போனது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். "சாயம் நன்றாக ஒளிர்ந்தது. ஏதோ ஒன்றைச் சேர்த்தேன். ஒளி அணைந்துவிட்டது, அல்லது நிறம் மாறிவிட்டது. எங்கே தப்பு செய்தேன்?" முப்பது வருஷத்துக்கு மேல் ஒளிர்வுமானி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாதிரிக் கேள்வி வந்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். பெரும்பாலும் நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. மூலக்கூறு தன்னைச் சுற்றி இருப்பதைப் பற்றி உங்களிடம் ஏதோ சொல்கிறது, அவ்வளவுதான். அதனால் இந்த இதழ்ப் பக்கங்களை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஒளிர்வு என்று இங்கே நான் எழுதுவதெல்லாம் ஃபுளோரசன்ஸ்தான். பாடநூலில் உடனொளிர்தல் என்று இருக்கும். மூலக்கூறு ஒளியை விழுங்கிவிட்டு, சில நானோநொடிக்குள் அதைவிடக் கொஞ்சம் ஆற்றல் குறைந்த ஒளியாகத் திருப்பித் தருகிறது. அந்தச் சில நானோநொடிக்குள் அக்கம்பக்கத்தில் என்னவெல்லாம் நடக்கலாம் என்பதுதான் கீழே வரும் எல்லாப் பதில்களும்.

கேள்வி (பள்ளி ஆசிரியர் ஒருவர்): ஐயா, ஃபுளோரசீன் என்ற சாயத்தை இலேசான காரக் கரைசலில் கரைத்து, நீல ஒளி விளக்கின் கீழ் மாணவர்களுக்குக் காட்டினேன். பச்சையாகப் பிரகாசித்தது. ஒரு மாணவன் இரண்டு சொட்டு அமிலம் விட்டதும் மங்கிப் போய்விட்டது. சாயம் சிதைந்துவிட்டதா?

பதில்: சிதையவில்லை. அதே பீக்கரில் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பாருங்கள், பச்சை அப்படியே திரும்பி வரும். நீங்கள் பத்துத் தடவை மாற்றி மாற்றி விட்டாலும் வரும். சிதைந்த மூலக்கூறு இப்படித் திரும்பி வராது.

நடப்பது இதுதான். ஃபுளோரசீன் ஒரே பொருள் மாதிரித் தெரிந்தாலும், கரைசலின் அமிலத்தன்மைக்குத் தக்கபடி அது நான்கு வேஷம் போடும். நல்ல காரத்தில் இரண்டு புரோட்டானையும் இழந்து இரட்டை எதிர்மின் அயனியாக இருக்கும். பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 6.4-ஐ ஒட்டி ஒரு புரோட்டானைத் திரும்ப ஏற்றுக்கொண்டு ஒற்றை எதிர்மின் அயனி ஆகும். 4.3-ஐ ஒட்டி இன்னொன்றை ஏற்று மின்சுமை இல்லாத வடிவம். அதற்கும் கீழே, 2-ஐ ஒட்டி, நேர்மின் அயனி. பளிச்சென்ற பச்சைக்குச் சொந்தக்காரர் முதலாமவர்தான். இரட்டை அயனி விழுங்கும் ஒவ்வொரு 100 ஃபோட்டானுக்கும் (ஒளித்துகளுக்கும்) 90-க்கு மேல் திருப்பித் தந்துவிடுகிறது. ஒற்றை அயனியிடமிருந்து 37 அளவில்தான் வரும்.

இதோடு இன்னொரு விஷயமும் உண்டு. இதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இரட்டை அயனி 490 நானோமீட்டரில் ஒளியை மிக வலுவாக விழுங்கும். ஒற்றை அயனியின் உச்சிகள் 453, 472 என்று நீலப் பக்கம் நகர்ந்துவிடும், உயரமும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். நீங்கள் 490-ஐ ஒட்டிய ஒளியை அடித்துக்கொண்டிருந்தால், மூலக்கூறு சரியாகத் திருப்பித் தராதது ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் வாங்கிக்கொள்வதே குறைந்துவிடுகிறது. இரண்டு நஷ்டமும் ஒன்றாகச் சேர்ந்துதான் உங்கள் பீக்கர் இருண்டது.

அடுத்த தடவை மாணவர்களுக்குக் காட்டும்போது அமிலத்தை விட்டவுடன் கலக்க விடாதீர்கள். அறையை இருட்டாக்கி, பீக்கரைப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். சொட்டு விழுந்த இடத்திலிருந்து ஒரு கருப்பு நூல் கீழே இறங்கும். பாதி வழியில் அது சுருண்டு, நுனியில் ஒரு வளையம் விட்டு, அடியில் போய் மெல்லப் பரவும். பச்சை வெளிச்சத்துக்குள் இருட்டு ஊறிப் போவது போல இருக்கும். நான் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று, இன்னமும் கலக்கியை எடுக்கக் கை வருவதில்லை.

இது வகுப்பறை வேடிக்கை மட்டும் அல்ல. 1877-ல் தன்யூப் ஆற்றின் நீர் ஓரிடத்தில் தரைக்குள் மறைந்து எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, 10 கிலோ ஃபுளோரசீன் உப்பை ஆற்றில் கரைத்து விட்டார்கள். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆக் ஊற்றில், இரண்டரை நாள் கழித்துப் பச்சை ஒளிர்வு வந்து சேர்ந்தது. சுண்ணாம்புப் பாறை ஊடே ஓடும் நீர் பொதுவாக இலேசான காரப் பக்கம் இருக்கும், அது ஃபுளோரசீனுக்குத் தோதானது. அமிலத்தன்மை உள்ள நீரில் இதே சோதனையைச் செய்பவர்கள், எடுத்த மாதிரியில் காரம் சேர்த்து பி.எச்.-ஐ 9-க்கு மேல் ஏற்றிவிட்டுத்தான் அளப்பார்கள். இல்லாவிட்டால் சாயம் வந்து சேர்ந்திருந்தும் வரவில்லை என்று எழுதிவிடுவோம்.

கேள்வி (முதுகலை மாணவி): எங்கள் செய்முறையில் குவினைன் சல்பேட்டை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைக்கச் சொல்கிறார்கள். ஃபுளோரசீனுக்கு அமிலம் ஆகாது, இதற்கு அமிலம் வேண்டும், ஏன்? அப்புறம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் கூடவே கூடாது என்கிறார்கள். அமிலம் அமிலம்தானே?

பதில்: உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி எனக்கு இரண்டு நாளைக் காவு வாங்கிய விஷயம். அதற்கு வருகிறேன்.

முதல் பாதி. ஃபுளோரசீனில் அமிலம் போய் உட்காருவது ஆக்சிஜன் மேல். குவினைனில் அது உட்காருவது நைட்ரஜன் மேல். குவினைனில் நைட்ரஜன் இரண்டு. ஒன்று வளையத்துக்கு வெளியே தள்ளி இருக்கிற கூண்டு போன்ற பகுதியில், அது பி.எச். 8.5 அளவிலேயே புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும். மற்றது, ஒளியோடு நேரடித் தொடர்புள்ள குவினோலின் வளையத்தில். அது புரோட்டானை ஏற்க பி.எச். 4-ஐ ஒட்டி இறங்கவேண்டும். இந்த இரண்டாவது நைட்ரஜனிடம் பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் ஜோடி ஒன்று இருக்கிறது. அது சும்மா இருக்கும்வரை, மூலக்கூறு வாங்கிய ஆற்றல் ஒளியாக வராமல் வேறு வழியில் வெப்பமாக நழுவிப் போக ஒரு கதவு திறந்திருக்கும். புரோட்டான் வந்து அந்த ஜோடியைக் கட்டிப்போட்டதும் அந்தக் கதவு சாத்தப்படுகிறது. இரண்டு நைட்ரஜனும் புரோட்டான் ஏற்ற நிலையில் 450 நானோமீட்டரை ஒட்டி அழகான நீலம் வரும். விழுங்கியதில் 54, 55 சதவீதம் ஒளியாகத் திரும்பும். இந்த எண் நம்பகமாக இருப்பதால்தான் மற்றச் சாயங்களை அளக்க இதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

இந்த நீலத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. 1845-ல் ஜான் ஹெர்ஷல், நிறமே இல்லாத குவினைன் கரைசலில் வெயில் நுழைகிற மேற்பரப்பில் மட்டும் ஒரு நீலப் படலம் தெரிவதைப் பார்த்து எழுதினார். 1852-ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், முப்பட்டகத்தால் பிரித்த சூரிய நிறமாலையின் குறுக்கே குவினைன் குழாயை நகர்த்திக்கொண்டே போனார். சிவப்பு, மஞ்சள், பச்சை எதிலும் ஒன்றும் இல்லை. ஊதாவையும் தாண்டி, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்துக்குப் போனதும் குழாய் நீலமாக ஒளிர்ந்தது. விழுங்கிய ஒளி வேறு, வெளியே வரும் ஒளி வேறு என்று அவர் நிறுவியது இதில்தான். ஃபுளோரசன்ஸ் என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

சரி, ஹைட்ரோகுளோரிக் அமிலம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாயத்தின் ஒளிர்வுத் திறனை அளக்க வேண்டியிருந்தது. அளவுகோலுக்குக் குவினைன் கரைத்தேன். அலமாரியில் கைக்கு எட்டியது ஹைட்ரோகுளோரிக் அமிலம், பி.எச். சரியாக இருந்தால் போதும் என்று அதையே எடுத்துக்கொண்டேன். அளந்தால் என் சாயம் 100 ஃபோட்டான் விழுங்கி 100-க்கு மேல் திருப்பித் தருவதாகக் கணக்கு வந்தது. அப்படி நடக்க வழியே இல்லை. விளக்கை மாற்றினேன், கரைசல் வைத்து அளக்கும் குவெட் குப்பியைக் கழுவினேன், சாயத்தைப் புதிதாகக் கரைத்தேன். இரண்டு நாள். சாயத்தில் ஒரு குறையும் இல்லை, அளவுகோலே மங்கிக் கிடந்தது. கந்தக அமிலத்தில் குவினைனைப் புதிதாகக் கரைத்து வைத்ததும், அருகருகே இருந்த இரண்டு குவெட்டும் ஒன்று விளக்கு, ஒன்று அதன் நிழல் மாதிரி இருந்தன.

காரணம் குளோரைடு அயனி. அமிலத்தன்மைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒளியை விழுங்கிய குவினைன் அந்த நிலையில் சுமார் 20 நானோநொடி இருக்கும். மூலக்கூறு உலகத்தில் அது நீண்ட நேரம். அதற்குள் ஒரு குளோரைடு வந்து மோதினால், ஒரு எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குவது போன்ற கணநேர உறவு ஏற்பட்டு, ஆற்றல் ஒளியாகாமல் கரைந்துவிடும். புரோமைடு இன்னும் மோசம், அயோடைடு அதைவிட மோசம். சல்பேட் இப்படிச் செய்வதில்லை. இதை நீங்களே ஐந்து நிமிஷத்தில் சோதிக்கலாம்: கந்தக அமிலத்தில் இருக்கும் குவினைனில் கொஞ்சம் சோடியம் குளோரைடு உப்பைப் போடுங்கள். பி.எச். பெரிதாக அசையாது, ஒளி மட்டும் விழும். விழுங்குநிறமாலையை (எந்த அலைநீள ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்ற வரைபடத்தை) எடுத்துப் பார்த்தால் அதில் மாற்றமே இருக்காது. கெடுதல் நடப்பது ஒளியை விழுங்கிய பிறகுதான் என்பதற்கு அதுவே சாட்சி.

பிற்பாடு இதே குறையை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். குவினைனின் வளையத்தை ஒட்டி உருவாக்கிய குவினோலினியச் சாயங்களைச் செல்லுக்குள் செலுத்தி, ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதிலிருந்து உள்ளே குளோரைடு எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். நான் இரண்டு நாள் திட்டிக்கொண்டிருந்த அதே விஷயம்.

கேள்வி (ஆராய்ச்சி மாணவர்): 2-நாஃப்தால் என்ற சேர்மத்தின் பி.கே.ஏ. (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை இழந்திருக்கும் பி.எச்.) 9.5. நான் பி.எச். 6-ல் கரைசல் வைத்தேன். அந்த பி.எச்.-ல் அயனியே இருக்கக்கூடாது. ஆனால் 355 நானோமீட்டர் உச்சியோடு 420-ஐ ஒட்டி இன்னொரு பெரிய உச்சியும் வருகிறது. மறுபடி படிகமாக்கிச் சுத்தம் செய்தும் போகவில்லை. மாசு எங்கிருந்து வருகிறது?

பதில்: மாசு இல்லை. படிகமாக்குவதை நிறுத்திவிடுங்கள், நீங்கள் இந்தத் துறையின் மிக அழகான விஷயம் ஒன்றின் எதிரே நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

9.5 என்பது இருட்டில் இருக்கும் நாஃப்தாலின் எண். ஒளியை விழுங்கியதும் அது வேறு ஆள். ஆக்சிஜன் மேல் இருந்த எலக்ட்ரான் அடர்த்தியில் ஒரு பகுதி வளையத்துக்குள் நகர்ந்துவிடுகிறது. ஆக்சிஜனுக்குத் தன் புரோட்டானைப் பிடித்துவைக்க முன்பு போலத் தெம்பு இல்லை. ஒளியூட்டப்பட்ட நிலையில் 2-நாஃப்தாலின் பி.கே.ஏ. 2.8 அளவுக்கு இறங்கிவிடுகிறது. 6.7 அலகு வித்தியாசம் என்றால் அமில வலிமை ஏறக்குறைய 50 லட்சம் மடங்கு கூடிவிட்டது என்று பொருள். ஒரு ஃபோட்டானை வாங்கிய அந்த நொடியில் மெலிந்த அமிலமாக இருந்த நாஃப்தால் ஒரு நல்ல அமிலமாக மாறி, பக்கத்தில் இருக்கும் நீரிடம் புரோட்டானைத் தள்ளிவிடுகிறது. ஒளியைக் கொடுத்துவிட்டுத் தரைநிலைக்கு வந்ததும் புரோட்டானைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. நீங்கள் பாட்டிலில் எத்தனை தேடினாலும் அந்த அயனி கிடைக்காது, அது ஒளிர்வதற்கு முன் பிறந்து ஒளிர்ந்தபின் மறைகிற அயனி.

அப்படியானால் எல்லாமே 420-ல் வரவேண்டியதுதானே, 355 ஏன் மிச்சம் இருக்கிறது என்று கேட்பீர்கள். 2-நாஃப்தால் புரோட்டானை விட எடுத்துக்கொள்ளும் நேரமும், அது ஒளிர எடுத்துக்கொள்ளும் நேரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, இரண்டுமே நானோநொடிக் கணக்கு. சில மூலக்கூறுகள் புரோட்டானை விடுவதற்கு முன்பே ஒளிர்ந்துவிடுகின்றன, அவை 355. மற்றவை விட்டபிறகு ஒளிர்கின்றன, அவை 420. இரண்டு ஓட்டக்காரர்களில் யார் முந்துகிறார் என்பதை உங்கள் வரைபடம் காட்டுகிறது.

மாசு இல்லை என்பதை நீங்களே உறுதி செய்துகொள்ள மூன்று வழி சொல்கிறேன். அளக்கும் அலைநீளத்தை 420-லேயே வைத்துக்கொண்டு, தூண்டும் ஒளியின் அலைநீளத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போய்த் தூண்டல் நிறமாலை எடுங்கள். அது 328-ஐ ஒட்டி உச்சி உள்ள நடுநிலை நாஃப்தாலின் விழுங்குநிறமாலையோடு ஒத்துப்போகும். அதாவது 420 ஒளியைத் தருவதும் நடுநிலை வடிவமாகத்தான் கிளம்பியது. அடுத்து, நீருக்குப் பதில் எத்தனாலில் கரையுங்கள். 420 காணாமல் போகும், ஏனென்றால் புரோட்டானை அத்தனை சீக்கிரம் ஏற்று அரவணைத்துக்கொள்ள எத்தனாலால் முடியாது. அதில் கொஞ்சம் கொஞ்சமாக நீரைச் சேர்த்துக்கொண்டே போங்கள், 420 முளைத்து வளர்வதைப் பார்க்கலாம். மூன்றாவது, பி.எச்.-ஐ 2-க்கும் கீழே இறக்கினால் 420 அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அசிடேட் பஃபர் (பி.எச்.-ஐ மாறாமல் வைக்கும் கரைசல்) பயன்படுத்துகிறீர்களா? அசிடேட் அயனியே வந்து புரோட்டானை வாங்கிக்கொள்ளும். பி.எச். மாறாமலே, பஃபரின் செறிவை ஏற்றினால் 420 உயரும். இரண்டு ஆய்வுக்கூடங்கள் ஒரே பி.எச்.-ல் அளந்து வேறு வேறு விடை பெறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே பி.எச்.-ஓடு பஃபர் எது, எவ்வளவு என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

இந்தத் தலைகீழ் மாற்றத்தை விளக்கிச் சொன்னவர் தியோடோர் ஃபோர்ஸ்டர், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அவர் காட்டிய கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒளியூட்டப்பட்ட நிலையின் பி.கே.ஏ.-வை அளக்க அந்த நிலையைப் பிடித்து வைத்துத் தரம்பார்க்க வேண்டியதில்லை. அமில வடிவமும் அயனி வடிவமும் எந்த ஆற்றலில் ஒளியை விழுங்கி வெளிவிடுகின்றன என்ற வித்தியாசம் தெரிந்தால் போதும். அறை வெப்பநிலையில், ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 475 அலை என்ற வித்தியாசம் வந்தால் ஒரு பி.கே.ஏ. அலகு. அயனி சிவப்புப் பக்கம் எத்தனை தள்ளி இருக்கிறதோ, அத்தனைக்கு மூலக்கூறு ஒளியில் வலிமையான அமிலம். இரண்டு நிறமாலைத் தாளும் ஒரு பென்சிலும் இருந்தால் போதும்.

எல்லா மூலக்கூறும் ஒளியில் அமிலம் ஆகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். வளையத்துக்குள் நைட்ரஜன் உள்ள அக்ரிடின் நேர் எதிர். இருட்டில் அதன் புரோட்டான் ஏற்ற வடிவத்தின் பி.கே.ஏ. 5.5 அளவு; ஒளியில் அது 10-ஐத் தாண்டிவிடும். எலக்ட்ரான் அடர்த்தி அங்கே நைட்ரஜன் பக்கம் நகர்கிறது, அதனால் காரத்தன்மை கூடுகிறது.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர்): புரோடான் என்ற சாயத்தைச் சைக்ளோஹெக்சேனில் கரைத்தால் ஊதா, நீரில் பச்சை. இரண்டு கரைப்பானும் அதோடு வினைபுரியவில்லை, அமிலமோ காரமோ இல்லை. நிறம் எப்படி மாறுகிறது?

பதில்: புரோடானை 1979-ல் வேபரும் ஃபாரிஸும் இதற்கென்றே வடிவமைத்தார்கள். நாஃப்தலீனின் ஒரு ஓரத்தில் எலக்ட்ரானைக் கொடுக்கும் அமினோ தொகுதி, எதிர் ஓரத்தில் எலக்ட்ரானை இழுக்கும் கார்போனைல். ஒளியை விழுங்கியதும் மின்சுமை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்ந்து, மூலக்கூறு ஒரு வலுவான இருமுனையாகிவிடும், அதாவது ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின்.

இப்போது சுற்றி இருக்கும் நீர் மூலக்கூறுகளை நினைத்துப் பாருங்கள். அவையும் குட்டி இருமுனைகள். நடுவில் இருப்பவர் சட்டென்று முகம் மாறிவிட்டார், சுற்றி நிற்பவர்கள் இன்னும் பழைய திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒளியை விழுங்குவது ஃபெம்டோநொடிக் காரியம், அதற்குள் அவர்களால் திரும்ப முடியாது. ஆனால் ஒளிர்வதற்கு நானோநொடி அவகாசம் இருக்கிறது. திரும்புவதற்கு நீர் போன்ற கரைப்பானுக்கு ஒரு சில பிக்கோநொடி போதும். எல்லோரும் புதிய இருமுனைக்கு இசைவாகத் திரும்பி நின்றதும், ஒளியூட்டப்பட்ட நிலையின் ஆற்றல் இறங்குகிறது. இறங்கிய இடத்திலிருந்து கிளம்பும் ஒளியின் அலைநீளம் கூடுகிறது. சைக்ளோஹெக்சேனுக்கு முனைவுத்தன்மை இல்லை, திரும்பவும் ஒன்றும் இல்லை, அதனால் ஒளி 401 நானோமீட்டரில். நீரில் 531. நூற்று முப்பது நானோமீட்டர், ஒரே மூலக்கூறு.

விழுங்குநிறமாலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அங்கே நகர்வு இருபது சொச்சம்தான். இந்த விளக்கம் சரிதான் என்று சொல்ல இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. கரைப்பான் திரும்புவது விழுங்கியதற்குப் பின்னால்தானே நடக்கிறது. இன்னும் சந்தேகம் இருந்தால் எத்தனால் கரைசலைத் திரவ நைட்ரஜனில் கண்ணாடி போல உறையவைத்துப் பாருங்கள். எத்தனால் அதே எத்தனால், ஆனால் மூலக்கூறுகளால் அசைய முடியாது. ஒளி நீலப் பக்கம் திரும்பிப் போய்விடும்.

நான் இதைக் காட்டும்போது சைக்ளோஹெக்சேன், டொலுவீன், எத்தில் அசிடேட், அசிட்டோன், எத்தனால், நீர் என்று ஆறு குவெட்டை வரிசையாக வைப்பேன். ஊதாவில் தொடங்கி, நீலம் படிப்படியாக அடர்ந்து, வெளிறி, கடைசியில் பச்சையில் போய் நிற்கும். ஆனால் அசிட்டோனும் எத்தனாலும் வெறும் முனைவுத்தன்மையில் மட்டும் வேறுபடுவதில்லை. எத்தனால் கார்போனைலோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும், அசிட்டோன் போடாது. அதனால் கரைப்பானின் மின்காப்பு மாறிலியை மட்டும் வைத்து நேர்கோடு வரைந்தால் ஆல்கஹால்கள் கோட்டை விட்டு விலகி நிற்கும். விலகி நிற்பதைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். ஹைட்ரஜன் பிணைப்பு எவ்வளவு என்பதை அந்த விலகல்தான் சொல்கிறது. கலப்புக் கரைப்பானிலும் இப்படி ஒன்று உண்டு: ஹெக்சேனில் சிறிதளவு எத்தனால் கலந்தாலே ஒளி எதிர்பார்த்ததைவிட வெகுதூரம் நகரும், ஏனென்றால் சாயம் தன்னைச் சுற்றி எத்தனாலையே கூட்டி வைத்துக்கொள்கிறது. மொத்தக் கரைசலில் எத்தனை சதவீதம் என்பது அதற்கு ஒரு பொருட்டு இல்லை.

அசிட்டோனில் அளக்கும்போது 330 நானோமீட்டருக்குக் கீழே தூண்ட வேண்டாம். அந்த ஒளியை அசிட்டோனே விழுங்கிவிடும், உங்கள் சாயத்துக்கு மிச்சம் வராது.

கேள்வி (பட்டப்படிப்பு மாணவி): ஃபீனால்ஃப்தலீனும் ஃபுளோரசீனும் பார்க்க ஒரே மாதிரி. ஒன்று ஒளிர்கிறது, மற்றது காரத்தில் வெறும் இளஞ்சிவப்பு. ஏன்?

பதில்: இரண்டையும் 1871-ல் உருவாக்கியவர் அடால்ஃப் பேயர். படத்தை மறுபடி பாருங்கள். ஃபுளோரசீனில் இரண்டு வளையங்களுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் பாலம் இருக்கிறது, ஃபீனால்ஃப்தலீனில் இல்லை. பாலம் இருப்பதால் வளையங்கள் ஒரே தளத்தில் இறுகி நிற்கின்றன. பாலம் இல்லாவிட்டால் அவை முறுக்கிக்கொண்டு ஆடும், வாங்கிய ஆற்றல் எல்லாம் அந்த ஆட்டத்திலேயே போய்விடும். இப்படி ஆடும் சாயங்கள் சிலவற்றைக் கிளிசரால் போன்ற கெட்டியான கரைப்பானில் போட்டால் ஆட இடமில்லாமல் ஒளிரத் தொடங்கும். பாகுநிலையை அளக்கவே அவற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி (அதே ஆராய்ச்சி மாணவர், இரண்டாம் கடிதம்): சாயமே போடாத வெறும் நீரில் 397-ல் ஒரு சின்ன உச்சி வருகிறது. நீரில் மாசா?

பதில்: 350-ல் தூண்டுகிறீர்கள், சரியா? அது நீரின் ராமன் சிதறல், அதாவது தூண்டும் ஒளி நீரில் பட்டு, கொஞ்சம் ஆற்றலை இழந்து சிதறுவது. தூண்டலை 360-க்கு மாற்றுங்கள், உச்சியும் 410-க்கு நகர்ந்துவிடும். உண்மையான ஒளிர்வு உச்சி அப்படிக் கூடவே நகராது. நீர்த்த கரைசலில் இதைச் சாயத்தின் ஒளி என்று எண்ணி எழுதியவர்கள் உண்டு. ஒவ்வொரு கரைப்பானுக்கும் வெற்றுக் கரைப்பானின் நிறமாலையை முதலில் எடுத்துவைத்துக் கழித்துவிடுங்கள்.

கேள்வி (தொழிற்சாலை ஆய்வக ஊழியர்): எங்கள் சாயம் நீரில் கரையாது. டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் கரைத்து, அசிட்டிக் அமிலம் சேர்த்து, பி.எச். மீட்டரில் 5 என்று வந்ததும் அளந்தோம். எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை.

பதில்: அந்த 5-ஐ நம்பாதீர்கள். மீட்டரை நீர்ப் பஃபரை வைத்துத்தான் சரிசெய்திருப்பீர்கள், அது நீருக்கு மட்டும் செல்லும். டி.எம்.எஸ்.ஓ.-வில் வைத்தால் மீட்டர் ஏதோ ஓர் எண்ணைக் காட்டும், ஆனால் அந்த எண்ணுக்கு நாம் நினைக்கும் அர்த்தம் கிடையாது. அமிலத்தின் வலிமையும் கரைப்பானோடு சேர்ந்தே மாறுகிறது. நீரில் அசிட்டிக் அமிலத்தின் பி.கே.ஏ. 4.76. டி.எம்.எஸ்.ஓ.-வில் அது 12-ஐத் தாண்டிவிடும். அசிடேட் அயனியை நீர் போல அணைத்துக்கொள்ள அந்தக் கரைப்பானிடம் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை. நீங்கள் அமிலம் என்று நினைத்துச் சேர்த்தது அங்கே ஏறக்குறைய சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு வழி இருக்கிறது. டி.எம்.எஸ்.ஓ.-விலேயே செய்வதானால் டிரைஃபுளூரோ அசிட்டிக் அமிலம் அல்லது மீத்தேன் சல்ஃபானிக் அமிலம் எடுங்கள், பி.எச். எழுதாமல், சாயத்தின் ஒரு மோலுக்கு எத்தனை மோல் அமிலம் என்று எழுதுங்கள். 0, 0.5, 1, 2, 5, 10, 50 என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் விழுங்குநிறமாலையையும் ஒளிர்வையும் சேர்த்து எடுங்கள். விழுங்குநிறமாலைகள் எல்லாம் ஒரே அலைநீளத்தில் குறுக்கே வெட்டிக்கொண்டால், இரண்டே வடிவம் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறுகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். வெட்டாமல் ஒட்டுமொத்தமாக நகர்ந்தால், அமிலம் சேர்க்கச் சேர்க்கக் கரைப்பானின் குணமும் மாறிக்கொண்டே போகிறதோ என்று பாருங்கள்.

மற்ற வழி, டி.எம்.எஸ்.ஓ.-வில் செறிவாகக் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் சில மைக்ரோலிட்டரை மட்டும் எடுத்து நீர்ப் பஃபரில் விடுவது. டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பி.எச். எண்ணை நம்பலாம். ஆனால் நீரில் கரையாத சாயம் என்றீர்களே, அது அங்கே துகளாகத் திரண்டுகொள்ளும், திரண்டாலும் ஒளி மங்கும். அமிலத்தால் மங்கியதா, திரண்டதால் மங்கியதா என்று பிரிக்க, அதே பி.எச்.-ல் சாயத்தைப் பத்து மடங்கு குறைத்து ஒரு தடவை அளந்து பாருங்கள். ஒளியும் சரியாகப் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் திரள்வது காரணம் இல்லை. அந்த எண்களோடு எழுதுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.